பெர்ஷில் நான் சொன்ன ‘வேண்டாம்’

1

பிரான்சுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஆரின்ரை வீட்டிலை நிண்டனீங்கள்?” என்பதுதான். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் அதுதான் வாயில் வந்திருக்கும். ஒருவர் வீட்டிலும் நிற்கவில்லை. மனைவியோடு எட்டு நாள் ஹோட்டலில் நின்றேன். ஒரு சின்ன பஸ், பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி அம்மா. காலையில் ஏற்றுவார், தேவாலயம் காட்டுவார், மத்தியானம் சாப்பிட வைப்பார், மாலையில் இறக்கிவிடுவார். மொன்ட்ரியாலுக்கு வந்து முப்பத்துமூன்று வருடத்தில் நான் போன முதல் சுற்றுலா இது. இதற்கு முன் விமானம் ஏறியதெல்லாம் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான்.

பாரிஸில் எனக்கு இரண்டு மச்சான்மார் இருக்கிறார்கள். எங்கள் விமானமும் பாரிஸில்தான் இறங்கியது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் விமான நிலையத்துக்கே வந்து, எங்களை அள்ளிக்கொண்டு போய், எட்டு நாளும் வீடு வீடாகச் சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து ஏற்றிவிட்டிருப்பார்கள். ஆகவே சொல்லவில்லை. தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒருகாலத்தில் குடிவரவு அதிகாரிக்குப் பயந்ததை விட அன்று மச்சான்மாருக்குத்தான் அதிகம் பயந்தேன். இதை வாசித்துவிட்டு யாராவது அவர்களுக்கு அனுப்பிவைத்தால் என் கதை முடிந்தது.

போன இடம் பெர்ஷ். பாரிஸுக்கு மேற்கே, நோர்மண்டிப் பக்கம் கிடக்கிற ஒரு பழைய மாகாணம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கேயிருந்து சில குடும்பங்கள் கப்பலேறிப் போய் இன்றைய கியூபெக்கில் காடு வெட்டிக் குடியேறின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறார்கள், பல் பிடுங்குகிறார்கள், எனக்கு வரிக் கடிதம் அனுப்புகிறார்கள். வயது அறுபதைத் தாண்டியதும் அவர்களில் சிலருக்கு ஒரு காய்ச்சல் பிடிக்கும். மூதாதை பிறந்த ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று. அந்தக் காய்ச்சல்காரருக்கான சுற்றுலா இது.

அப்படியானால் உனக்கு அங்கே என்னடா வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் மகள் அபிராமி கட்டியிருப்பது மத்தியூ என்கிற கியூபெக் பையனை. மத்தியூவின் தகப்பன் ஜில் லாஃபொரே எனக்குச் சம்பந்தி. ஓய்வுபெற்ற குழாய்த் திருத்துநர். மனைவி தவறி ஐந்து வருடம். ஒரே மகன். அவருக்குத்தான் காய்ச்சல். “இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது, நீயும் வா” என்றார்.

நான் உடனே ஓம் என்றேன். சரித்திர ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். அபிராமி ஏழு மாதம். இங்கே சட்டப்படி பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரையும் வைக்கலாம், தகப்பனின் பெயரையும் வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். என் பெயரும் அந்தப் பிள்ளையின் பெயரில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஆசை என்று சொல்வது கூடச் சும்மா. நித்திரை இல்லாத ஆசை. ஆனால் மகளிடம் கேட்க வாய் வரவில்லை. எட்டு நாள் பக்கத்தில் இருந்தால் சம்பந்தியிடம் ஒரு நல்ல நேரம் பார்த்துக் காதில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இதுதான் என் வரலாற்று ஆய்வு.

2

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, உங்களுக்குத் தெரியும். கனகசபை என் அப்பா. தில்லைநாதன் நான். இங்கே வந்திறங்கியபோது கடைசியில் நின்ற சொல்லைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். ஆங்கில எழுத்தில் பதின்மூன்று. மகள் பிறந்ததும் அது அவளுக்குப் போனது. என் மனைவி மனோகரிக்கு வரவில்லை. கியூபெக்கில் பெண்கள் தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் இருக்கவேண்டும் என்று சட்டம். ஆக, இந்த உலகத்தில் தில்லைநாதன் என்ற குடும்பத்தில் இரண்டே இரண்டு பேர்.

அதில் ஒருத்தி நாலாம் வகுப்பில் படிக்கும்போது என்னிடம் வந்து, “அப்பா, இதைக் கொஞ்சம் குறைக்க ஏலாதே?” என்று கேட்டாள். அப்போது நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். வகுப்பு ஆசிரியை பெயர்ப் பட்டியலை வாசித்துக்கொண்டு வருவாராம். என் மகளின் பெயர் வந்ததும் ஒரு மூச்சு எடுப்பாராம். அந்த மூச்சிலேயே முழு வகுப்பும் திரும்பிப் பார்க்குமாம். நான் சிரித்துச் சமாளித்தேன். அதன் பிறகு அந்தப் பெயரைப் பற்றி அவளிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. பிறகு நாங்கள் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி வந்தோம், அவள் பல்கலைக்கழகம் போனாள், வேலை எடுத்தாள், மத்தியூவோடு நகரின் கிழக்குப் பக்கம் குடிபோனாள். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். வேலை அப்படி. நானும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை.

சரி, பயணக் கதைக்கு வருகிறேன். பயணத்துக்கு முதல் சுற்றுலா நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. குடும்பப் பெயர். புதிய பிரான்சில், அதாவது அன்றைய கியூபெக்கில், கால்வைத்த முதல் மூதாதை. புறப்பட்ட ஊர். வந்த கப்பல். தொழில்.

அகதிக் கோரிக்கை வைத்த எவனுக்கும் படிவம் என்றால் ஒரு பத்தியம் உண்டு. அந்தக் காலத்தில் என் சட்டத்தரணி சொல்லித் தந்தது: ஒரு பெட்டியையும் வெறுமையாக விடாதே, விட்டால் எதையோ மறைக்கிறாய் என்று நினைப்பார்கள். அதன் பிறகு நான் வாழ்க்கையில் ஒரு பெட்டியையும் வெறுமையாக விட்டதில்லை. பல் வைத்தியரின் படிவத்தில் ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா’ என்ற பெட்டிக்கும் ‘இல்லை’ என்று எழுதுகிறவன் நான். எனவே பேனையை எடுத்தேன். முதல் மூதாதை: தில்லைநாதன். புறப்பட்ட ஊர்: யாழ்ப்பாணம். கப்பல்: விமானம், மிராபெல் விமான நிலையம். தொழில்: ரொட்டித் தொழிற்சாலை, இரவு வேலை.

மனோகரி எட்டிப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அது அவையின்ரை பூட்டன்மாருக்குக் கேட்டிருக்கு.”

“பெட்டியை வெறுமையா விடக்கூடாது.”

“அங்கை போய் என்னைப் பகிடிப்பட வைக்காதேங்கோ.”

நான் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

3

வழிகாட்டி அம்மாவின் பெயர் சொலான்ஜ். பெர்ஷிலேயே பிறந்தவர். அறுபது வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு தடித்த கோப்பு. பஸ்ஸில் எல்லோரும் கியூபெக்காரர். எல்லோருக்கும் ஒவ்வொரு மூதாதை. கொத்தன், தச்சன், மாவரைப்பவன். நாங்கள் இருவரும் நடு இருக்கையில்.

கியூபெக்கில் முதல் நாளே எல்லோரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜில் என்னை ‘நீ’ என்பார். சம்பந்தியை எப்படி நான் ‘நீ’ என்பது? ‘நீங்கள்’ என்றுதான் கதைப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் தனக்குப் பின்னால் இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார்.

முதல் நாள் ஒரு பேக்கரியில் ஜில் தன் தாய்மொழியில் அழகாக ஏதோ கேட்டார். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவருடைய கியூபெக் உச்சரிப்பு அவளுக்குப் பிடிபடவில்லை. பாவம், மூதாதையர் மண்ணில் முதல் அடி. முகம் கறுத்துப்போனது. அடுத்ததாக நான் போனேன். ஹெயிட்டிக்காரரிடமும் போர்த்துக்கீசரிடமும் தொழிற்சாலையில் பொறுக்கிய என் பிரெஞ்சில் கேட்டேன். எனக்கும் ஆங்கிலத்தில்தான் பதில். ஜில்லின் முகம் கொஞ்சம் வெளிச்சமானது. அன்று நான் அவருக்குச் செய்த உதவி அதுதான்.

பெயர் விஷயத்தைக் காதில் போட ஒவ்வொரு நாளும் திட்டம் போட்டேன். இரண்டாம் நாள் ஒரு கோட்டைக்கு மேல் ஏறினோம், மேலே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். மேலே போனதும் எனக்கு மூச்சு வரவில்லை. மூன்றாம் நாள் ஆப்பிள் தோட்டத்தில் சைடர் என்கிற ஆப்பிள் மது குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு கிளாசுக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இரண்டாவது கிளாசோடு நான் ரொட்டி மெஷினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அந்த ஊரின் பெருமை பன்றி இரத்தத்தில் செய்த ஒரு சொசேஜ். அதை மனோகரியின் தட்டில் வைத்துவிட்டார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கிற நிலையில் இல்லை.

“எப்ப கேக்கப் போறியள்?” என்று இரவுகளில் மனோகரி கேட்பாள்.

“நேரம் வரட்டும்.”

“பிள்ளை வளந்து கலியாணம் கட்டேக்கை கேளுங்கோ.”

4

ஐந்தாம் நாள் ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார் சொலான்ஜ். கப்பலேறிப் போனவர்களை நினைத்து வண்ணக் கண்ணாடியில் படம் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழே எங்களை வரிசையாக நிறுத்தினார். கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு மூதாதையின் பெயரையும் தொழிலையும் வாசிக்க, அந்தந்த வம்சத்தார் ஒரு அடி முன்னே வந்து நிற்கவேண்டும். சிலர் அழுதார்கள். அந்தக் கோப்பில் என் தாளும் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

சொலான்ஜ் ஒரு மூச்சு எடுத்தார். மூச்சைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“தி... லை... நாதன். யாழ்ப்பாணத்திலிருந்து. விமானத்தில். ரொட்டித் தொழிலாளி.” தாளைத் திருப்பிப் பார்த்தார். “மூதாதை... நீங்களா?”

மனோகரி கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒரு அடி முன்னே வந்தேன். வேறு என்ன செய்ய?

சொலான்ஜ் சிரிக்கவில்லை. “இத்தனை வருடத்தில் என் குழுவில் மூதாதையே நேரில் வந்தது இதுதான் முதல் தடவை” என்றார். அவ்வளவுதான், கைதட்டு. கியூபெக் சிற்றியிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள் ஓடிவந்து இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்தார்கள். “கடல் பயணம் எப்படி இருந்தது?” என்று ஒருத்தி கேட்டாள். “சாப்பாடு தந்தார்கள்” என்றேன். ஜில்லுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு முழுக் குழுவும் என்னை ‘மூதாதை’ என்றே கூப்பிட்டது. கதவுகளை எனக்காகத் திறந்து பிடித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

பஸ்ஸில் சொலான்ஜ் இன்னொரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் கியூபெக்கில் ஆண்கள்தான் அதிகம் என்பதால் அரசர் சீதனம் கொடுத்துப் பெண்களைக் கப்பலில் அனுப்பிவைத்தாராம். முன்பின் பார்க்காத ஆண்களைக் கட்டுவதற்கு. சகோதரிகள் “ஐயோ, எவ்வளவு துணிச்சல்!” என்று நெஞ்சில் கை வைத்தார்கள்.

மனோகரி என் பக்கம் திரும்பி, “நானும் ஒரு போட்டோவைப் பாத்திட்டுத்தானே வந்தனான். அவையளுக்கு ராசா சீதனம் குடுத்தவர். எனக்கு என்ரை அப்பா குடுத்தவர். ஒருத்தரும் கண்ணாடியிலை படம் கீறேல்லை” என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பெர்ஷில் குதிரைகள் நல்ல பெரிது.

5

ஏழாம் நாள்தான் ஜில்லின் நாள். லாஃபொரே வம்சத்தின் முதல் ஆள் பிறந்த கிராமம் அது. இருபது வீடு, ஒரு தேவாலயம், ஒரு குதிரைத் தண்ணீர்த் தொட்டி. ஜில் அன்று ஷேவ் எடுத்து, கோட் போட்டு வந்தார். பையில் ஒரு சின்னப் போத்தல். மண் எடுத்துப்போகவும், மனைவியின் கல்லறையிலும் கொஞ்சம் போடவும். குழந்தை பிறந்ததும் மிச்சத்தை அதன் அறையில் வைக்கவேண்டும் என்று என்னிடம் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சொலான்ஜ் அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. கியூபெக்கில் எழுதிய கல்யாணப் பத்திரத்தில் அந்த ஆள் இந்த ஊரைத்தான் தன் ஊர் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டில், அந்தக் காலத்துப் பக்கங்கள் ஒன்று விடாமல் தேடியும், அப்படி ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக இல்லை. லாஃபொரே என்ற பெயரே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலும் இல்லை. “மன்னிக்கவேண்டும். நேற்றுத்தான் ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது” என்றார்.

ஜில் வெளியே போய்ச் சுவரோரமாக இருந்த கல்லில் உட்கார்ந்தார். போத்தல் கையில். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தேவாலயத்துக் கூரையைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இதுதான் நேரம் என்பது. ‘பார்த்தீரா, உம்முடைய பெயரின் கதியும் இவ்வளவுதான், என்னுடையதையும் பக்கத்தில் போடும்’ என்று. நான் அப்படிப்பட்ட ஆள். ஆனால் அவர் பக்கத்தில் போய் இருந்ததும் வாயிலிருந்து வேறு கதைதான் வந்தது.

“ஜில், நான் கனடாவுக்கு வந்தது என் பெயரில் இல்லை” என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

“வேறு ஒருவருடைய கடவுச்சீட்டு. என்னைவிட ஏழு வயது மூப்பு. பெரிய மீசை. எனக்கு அப்போது மீசையே சரியாக வரவில்லை. விமானத்துக் கழிவறைக்குள் நின்று அவருடைய பிறந்த திகதியைப் பாடமாக்கினேன். வெளியே கதவைத் தட்டுகிறார்கள், நான் உள்ளே நின்று ஒப்புவிக்கிறேன். மிராபெலில் இறங்கித்தான் நான் திரும்ப நானானேன். நாளைக்கு யாராவது அந்த விமானத்தின் பயணிகள் பட்டியலில் என்னைத் தேடினால் நான் இருக்கமாட்டேன். இது அபிக்குக் கூடத் தெரியாது.”

“அவளுக்கு ஏன் சொல்லவில்லை?”

“வெட்கம்.”

ஜில் கொஞ்ச நேரம் போத்தலைத் திருப்பிக்கொண்டிருந்தார். “அப்படியானால் என் ஆளும்?”

“அவருக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும். ஒரு சண்டை, ஒரு பெண், ஒரு அரசாங்கம். எழுதுகிறவனுக்கு முன்னால் வரிசையில் நின்றிருப்பார். முன்னுக்கு நின்றவன் இந்த ஊரைச் சொல்லியிருப்பான், அவனை ஒன்றும் செய்யவில்லை. இவரும் அதையே சொல்லியிருப்பார். வரிசையில் நின்றால் அதுதான் பாதுகாப்பு. நாங்களும் அப்படித்தான் செய்தோம்.”

ஜில் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். “அப்படியென்றால் நான் லாஃபொரேயே இல்லை!”

“ஏன் இல்லை? எழுதிய நாளிலிருந்து லாஃபொரேதான். நானும் அப்படித்தான் தில்லைநாதன் குடும்பம்.”

சிரிப்பு நின்றதும் அவருடைய முகம் மாறியது. “நான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும்” என்றார். “பிள்ளைக்கு இரண்டு பெயரும் வைக்கத்தான் அவர்கள் நினைத்தார்கள். அபிதான் உன் பெயர் வேண்டும் என்று நின்றாள். நான்தான் மத்தியூவைப் பிடித்து, லாஃபொரே தனியாக இருக்கட்டும், நீண்ட பெயர் பிள்ளைக்குப் பாரம் என்று வாதாடினேன். மாதக்கணக்காக. நான் செய்தது பிழை. இன்றைக்கே மத்தியூவுக்குச் சொல்கிறேன், உன் பெயரையும் சேர்க்கச் சொல்லி. சரியா?”

என் மகள் என் பெயர் வேண்டும் என்று நின்றாளாம். பெர்ஷ் மாகாணம் முழுவதும் ஒருமுறை சுற்றி நின்றது.

அந்தச் சந்தோஷத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வேண்டாம், வேண்டாம்” என்றேன். “ஏன் உங்களுக்குக் கரைச்சல்?”

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுங்கோ என்கிறார்கள். இப்பதான் சாப்பிட்டிட்டு வாறம் என்கிறோம், பசியில் கண் இருண்டாலும். சும்மா ஒரு வாய் எண்டாலும் என்கிறார்கள். சீச்சீ வேண்டாம் என்கிறோம். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுத்துப் பாயில் இருத்துகிறார்கள், பிறகு இடியப்பம் பதினைந்து. முதல் முறை கேட்டதுமே ஓம் என்கிறவனை என்ன வளர்ப்பு என்று கேட்போம். கியூபெக்காரருக்கு இது ஒன்றும் தெரியாது. ஒருமுறை கேட்பார்கள். மிகவும் அன்பானவர்கள் என்றால் இரண்டு முறை. இந்த நாட்டில் எத்தனை வீட்டிலிருந்து அரை வயிற்றோடு எழும்பி வந்திருக்கிறேன்!

ஜில் மிகவும் அன்பானவர். “நிச்சயமாகவா?” என்று இரண்டாம் முறையும் கேட்டார்.

“நிச்சயமாக. உங்களுக்கு ஒரே மகன். லாஃபொரே நல்ல பெயர். சின்னது” என்றேன்.

சொல்லிவிட்டு மூன்றாவது முறைக்காகக் காத்திருந்தேன். ஜில் எழுந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. “நீ பெரிய மனிதன்” என்றார். குனிந்து போத்தலில் மண் அள்ளத் தொடங்கினார்.

6

அன்று மாலைச் சாப்பாட்டில் ஜில் கரண்டியால் கிளாசைத் தட்டி எழும்பினார். தன் மூதாதை ஒரு பொய்யன் என்று பெருமையாக அறிவித்தார். பிறகு, இந்த மேசையில் இருக்கிற மூதாதை எப்படிப்பட்ட தியாகி என்று எல்லோருக்கும் சொன்னார். மத்தியூவுக்குச் சற்று முன்பு தொலைபேசியில் அதைச் சொல்லி, இருவரும் அழுதார்களாம். பன்னிரண்டு சைடர் கிளாஸ் என்னை நோக்கி உயர்ந்தது. நான் எழும்பிக் கும்பிட்டேன். மனோகரி என்னைப் பார்த்த பார்வையை மட்டும் எழுதமாட்டேன்.

அறைக் கதவு சாத்தினதுதான் தாமதம்.

“என்ன சொன்னனீங்கள் அந்தாளுக்கு?”

“ஒரு மரியாதைக்கு...”

“மரியாதையே? ஏழு நாள் என்னைப் பண்டி ரத்தம் தின்னப் பண்ணிக் கூட்டிக்கொண்டு திரிஞ்சது இதுக்கே? அந்தாள் தானாக் கையிலை கொண்டுவந்து தருது, இவர் வேண்டாமாம்! நாளைக்குக் காலமை போய் வேணுமெண்டு சொல்லுங்கோ.”

“எப்பிடியப்பா? எல்லாரும் கை தட்டிப் போட்டினம்.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். தொலைபேசி அடித்தது. அபிராமி. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அங்கே மத்தியானம் திரும்பிய நேரம், வேலையிலிருந்துதான் எடுத்திருக்கவேண்டும். ஸ்பீக்கரில் போட்டேன்.

கோபம் வந்தால் அவள் பிரெஞ்சில்தான் தொடங்குவாள். ஒரு நிமிடம் பிரெஞ்சில் கொட்டினாள். எனக்குப் பாதி விளங்கியது, அந்தப் பாதியே போதும். பிறகு தமிழுக்கு வந்தாள்.

“நீங்கள் வேண்டாமெண்டு சொன்னீங்களாம். மத்தியூ சொல்லுறான். உண்மையே?”

“பிள்ளை, அது...”

“நான் நாலு மாசமா அவையளோட சண்டை பிடிக்கிறன், அப்பா. எங்கடை பேருக்கு. நீங்கள் ஒரு நிமிசத்திலை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறீங்கள்.” குரல் உடைந்தது. “உங்களுக்கு அது ஒண்டுமில்லையே?”

“நீ சின்னனிலை அதைக் குறைக்கச் சொன்னனியெல்லே. அதுதான் நான்...”

“எனக்கு ஒன்பது வயசு அப்பா! ஒன்பது வயசு!”

மனோகரி என் தோளைக் கிள்ளினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் யோசிச்சு, உங்களுக்கு எது வசதியோ...”

“எங்களை விடுங்கோ. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அல்லது கேட்டிருக்கலாம், நான் பதில் சொல்லியிருக்கமாட்டேன். குடிவரவு விசாரணையில் கூட இவ்வளவு வியர்க்கவில்லை. வாய் பழக்கத்தில் மடங்கியது, ‘கரைச்சலெண்டால் வேண்டாம்’ என்று சொல்ல. மனோகரியின் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது.

“வேணும்” என்றேன்.

“என்ன? கேக்கேல்லை.”

“வேணும் பிள்ளை. எனக்கு அந்தப் பேர் வேணும். கன நாளா வேணும். உன்னட்டைக் கேக்கப் பயமாக் கிடந்தது.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“நீங்கள் ஒருக்காலும் என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை, அப்பா” என்றாள். “படிக்கேக்கையும் கேக்கேல்லை. கலியாணத்துக்கும் உன்ரை விருப்பம் எண்டு போட்டு இருந்திட்டீங்கள். உங்களுக்கு எங்களிட்டை ஒண்டும் தேவையில்லையெண்டுதான் நான் நினைச்சிருந்தனான்.”

நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். பிள்ளைக்குப் பாரமாக இருக்கக்கூடாது, கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வருடக்கணக்காக வாயைக் கட்டி வைத்திருந்தேன். அவள் அதை இப்படி விளங்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். அந்தக் கட்டிலில், அந்தப் பூப்போட்ட விரிப்பின் மேல், நான் அழுதேன். மனோகரியும் அழுதாள், ஆனால் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“சரி, ரெண்டு பேரையும் போடுறன். மத்தியூவுக்கும் அவன்ரை அப்பாவுக்கும் நான் சொல்லுறன்” என்றாள் அபிராமி. கொஞ்சம் பொறுத்து, “வேறை ஏதும் வேணுமே அப்பா?” என்று கேட்டாள். பாதி பகிடியாகத்தான் கேட்டாள்.

ஒன்றுமில்லை பிள்ளை, நீ வேலையைப் பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஞாயிற்றுக்கிழமையிலை வீட்டை வா” என்றேன். “ஒவ்வொரு ஞாயிறும்.”